பச்சை டேப் சுற்றிய இரண்டு ஒயர்கள்

போன மாதம் பாலராமபுரத்திலிருந்து ஒருவர் என் கடைக்கு ஒரு டைனமோ கொண்டுவந்தார். பழைய கைத்தறித் துண்டில் பொதிந்து, கைக்குழந்தையை ஏந்துவதுபோல இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். கல்யாண ஊர்வலத்துக்கும் போட்டோ எடுப்பதற்கும் பழைய டிராக்டர்களை வாடகைக்கு விடுகிறாராம். இப்போது அதற்கு நல்ல கிராக்கி. பெண்ணும் மாப்பிள்ளையும் ஆளுக்கொரு மட்கார்டில் உட்கார்ந்து சிரிப்பார்கள். வண்டி ஓடினால் மட்டும் போதாது, சார்ஜ் காட்டும் மீட்டர் முள்ளும் அசைய வேண்டும் என்று அவருக்கு ஆசை.

"சேச்சீ, ஆல்டர்னேட்டர் ஒண்ணும் வேண்டா. இந்த பழைய டைனமோ தன்னே வேணும். சேச்சி வந்து சார்ஜிங் ஒயரிங் முழுக்க செய்து தரணும்" என்றார்.

டைனமோவின் இடுப்பைச் சுற்றியிருந்த தகரப் பட்டையைக் கழற்றினேன். உள்ளேயிருந்து அந்த வாசனை வந்தது. கருகிய அரக்கு, எண்ணெய் குடித்த நூல்நாடா, கார்பன் தூள் எல்லாம் சேர்ந்த வாசனை. அணைந்துபோன சாம்பிராணிச் சட்டியை முகர்ந்தால் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். நான் பட்டையைத் திரும்ப மூடினேன்.

"டைனமோவைச் சரி செய்து தருகிறேன். ஒயரிங்குக்கு நெய்யாற்றின்கரையில் வேறு ஆளைப் பாருங்கள்" என்றேன். ஏன் என்று கேட்டார். டிராக்டர் எனக்கு ஒத்துக்கொள்ளாது, உடம்பு தடிக்கும் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே போனார். உங்களிடம் அப்படிச் சொல்லித் தப்ப முடியாது.

பல வருஷத்துக்கு முன்னால் நடந்தது. எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. பாறசாலை ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் ஒரு வைண்டிங் கடையில் வேலை. பம்புசெட் மோட்டார், மிக்சி, ஃபேன் எல்லாவற்றின் வயிற்றையும் கீறி, கருகிய கம்பியை உருவி எறிந்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றுவோம். சுற்றும்போது எண்ண வேண்டும். எண்ணும்போது பேசக்கூடாது. நூற்றுப் பத்தாவது சுற்றில் யாராவது வந்து "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுவிட்டால் மறுபடியும் ஒன்றிலிருந்துதான். வாயை மூடிக்கொண்டிருக்கும் பழக்கம் எனக்கு அந்தக் கடையில்தான் வந்தது. அது எல்லா நேரமும் நல்ல பழக்கம் இல்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

வெளிவேலைக்கும் என்னைத்தான் அனுப்புவார்கள். ஐ.டி.ஐ. சர்டிபிகேட்டை லேமினேட் செய்து பையிலேயே வைத்துக்கொண்டு திரிவேன். ஒருவரும் கேட்டதில்லை. கேட்டால் காட்டலாமே என்றுதான். போகிற வீடுகளில் "பெண்ணாக்குமா வந்திருக்கு?" என்று என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள், நிஜமான மெக்கானிக் பின்னால் வருகிறாரோ என்று. அப்படி எட்டிப் பார்க்காத ஒரே ஆள் தங்கையன் அண்ணன்.

அவர் வீடு பாறசாலைக்குத் தெற்கே, எல்லையில். வீட்டுக்கு முன்னால் போகிற ரோட்டின் ஒரு பக்கம் கேரளம், மறுபக்கம் தமிழ்நாடு. கரண்ட் தருகிறவர்கள் வேறுவேறு என்பதால் ஒரு பக்கம் இருண்டு கிடக்கும்போது எதிர்வீட்டில் சத்தமாக சீரியல் ஓடிக்கொண்டிருக்கும். வீட்டுக்குப் பின்னால் ஏலா. தாழ்ந்து கிடக்கும் வயலை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். வாழைக்கும் மரச்சீனிக் கிழங்குக்கும் அதை உழ அவரிடம் ஒரு டிராக்டர் இருந்தது. ஒருகாலத்தில் சிவப்பாக இருந்திருக்க வேண்டும்.

"சார்ஜ் நிக்கல்ல மக்கா. காலத்த ஸ்டார்ட் ஆக்கினா வைகிட்டுக்குள்ள பேட்டரி செத்துப் போவுது" என்றார். காலத்த என்றால் காலையில், வைகிட்டு என்றால் சாயங்காலம்.

டைனமோ நன்றாகத்தான் இருந்தது. கெட்டுப்போயிருந்தது கட்-அவுட். எஞ்சின் ஓடும்போது டைனமோவிலிருந்து பேட்டரிக்குக் கரண்ட் போக வழி திறந்துவிடுவதும், எஞ்சின் நின்றதும் பேட்டரியின் கரண்ட் திரும்பி டைனமோவுக்குள் ஓடாமல் வழியை அடைப்பதும் அதன் வேலை. தீப்பெட்டி அளவு சாமான்தான். புதிது கிடைக்கவில்லை. நெய்யாற்றின்கரையில் ஒரு பழைய இரும்புக்கடையில் கிளறி ஒன்றை எடுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டினேன். எலி கடித்த ஒயர்களையெல்லாம் மாற்றினேன். வண்டியை ஸ்டார்ட் செய்தபோது மீட்டர் முள் பிளஸ் பக்கம் ஏறி நின்றது. அண்ணன் கையைத் தட்டினார். அவர் மனைவி லில்லி அக்கா ஒரு சீப்பு மட்டிப்பழம் கொண்டுவந்து என் பையில் திணித்தாள்.

அத்தோடு கிளம்பியிருக்கலாம்.

"இன்னொரு காரியம் உண்டு பிள்ளே" என்றார் அண்ணன். கியர் கம்பிக்கு அடியில் ஒரு சின்ன சுவிட்ச் இருந்தது. கியர் நியூட்ரலில் நின்றால்தான் ஸ்டார்ட்டருக்குக் கரண்டை விடும். அது தேய்ந்துபோய், சில நாள் நியூட்ரலில் நின்றாலும் விடுவதில்லை. "அந்த சனியன எடுத்துக் களஞ்சிட்டு ரெண்டு ஒயரையும் நேரே குடுத்திரு."

"அது பாதுகாப்புக்கு வச்சதாக்கும் அண்ணா."

"முப்பது வருஷமா நான் வண்டி ஓட்டுகேன். நீ எனக்குப் பாதுகாப்பு சொல்லித் தாறியா?"

லில்லி அக்கா சிரித்தாள். நானும் சிரித்தேன். மீட்டர் முள்ளை ஏற வைத்த பெருமை எனக்குள் அப்போது அடங்கவில்லை. இரண்டு நிமிஷ வேலை. ஒயர்களின் முனையைச் சீவி, ஒன்றோடொன்று முறுக்கினேன். கறுப்பு டேப் தீர்ந்துபோயிருந்தது. பையில் கிடந்த பச்சை டேப்பைச் சுற்றினேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு நாள் காலையில் நான் காயில் சுற்றிக்கொண்டிருந்தபோது கடைக்கு வந்த ஒருவர் சொன்னார். "தங்கையன் போயிட்டாரு. வண்டி தானா ஓடிச்சாம்."

எண்ணிக்கை விட்டுப்போனது. முதலாளி என்னைப் பார்த்தார். "நீ போன வண்டி இல்லியா? என்னத்த பாத்தே அதுல?"

"சார்ஜிங் மட்டும்" என்றேன்.

நடந்தது எனக்கு அங்கே உட்கார்ந்தபடியே தெரிந்தது. அந்த வண்டிக்கு ஹேண்ட் பிரேக் கிடையாது. முற்றம் சரிவு. நிறுத்தும்போது கியரில் போட்டு நிறுத்துவது அவர் வழக்கம். காலையில் சீட்டில் ஏறாமல் பக்கத்தில் நின்றபடியே கையை நீட்டி ஸ்டார்ட் பட்டனை அழுத்தியிருக்கிறார். அந்தச் சுவிட்ச் இருந்திருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. கியரோடு எஞ்சின் பிடித்துக்கொண்டது. அவர் நின்றிருந்தது பெரிய பின்சக்கரத்துக்கு முன்னால். போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனார்கள். கியர் கம்பிக்கு அடியில் குனிந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

பிறகு ஊர் பேச ஆரம்பித்தது. வண்டியை முதலில் வாங்கியவனும் கெட்ட சாவு செத்தான் என்றார்கள். லில்லியின் ராசி என்றார்கள். காஞ்சிரங்குளம் பக்கத்திலிருந்து பைக்கில் மீன் கொண்டுவருகிற ஒருவர் உண்டு. அவர் ரிப்பேருக்குக் கொண்டுவந்த டேபிள் ஃபேனை மடியில் வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "பூட்டின ஷெட்டாக்கும். ஆளில்ல, சாவி இல்ல. உச்சைக்கு உள்ள என்னமோ ம்ம்முன்னு மூளுது. பலகை இடுக்கு வழியா நான் கண்டேன். சக்கரம் தானா கறங்குது. அதுக்குப் பிறகு அந்த ரோட்டு வளைவுல நான் ஹாரன் அடிக்கதில்ல."

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? அதைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது பயமில்லை, நிம்மதி. பேய் செய்தது என்றால் நான் செய்யவில்லை அல்லவா. அன்று மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன்.

ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்துக் கடைக்கு போன் வந்தது. லில்லி அக்கா. முதலாளியிடம் பேசாமல், அந்தப் பெண்ணிடம் கொடு என்று கேட்டிருக்கிறாள்.

"வண்டிக்கு சார்ஜ் ஏறல்ல பிள்ளே. நீ வந்து பாக்கணும்."

யாரும் ஓட்டாத வண்டிக்கு எதற்கு சார்ஜ் என்று கேட்காமலே, "வாறேன் அக்கா" என்றேன்.

நான் போய் இறங்கியபோது நல்ல உச்சி வெயில். ரோட்டில் ஒரு ஆள் இல்லை. தமிழ்நாட்டுப் பக்கத்துச் சாயாக்கடைக்காரர் நான் எந்தக் கேட்டைத் திறக்கிறேன் என்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். லில்லி அக்கா முற்றத்தில் நின்றிருந்தாள். மெலிந்து, நிறம் மங்கியிருந்தாள். "வா" என்று கூடச் சொல்லவில்லை. ஷெட்டின் பக்கம் கையைக் காட்டினாள். "பூட்டு திறந்துதான் கெடக்கு. நீ போய்ப் பாரு." அவள் வரவில்லை.

கதவைத் தள்ளினேன். பலகை இடுக்குகள் வழியாக வெளிச்சம் கோடுகோடாக விழுந்திருந்தது. அந்த வாசனை முகத்தில் அடித்தது. அப்புறம்தான் சத்தம் காதில் ஏறியது. வாயை மூடிக்கொண்டு ஒருவர் முனகுவதுபோல, ஏறாமல் இறங்காமல் ஒரே சீராக ஒரு ம்ம்ம். எஞ்சின் ஓடவில்லை. சாவி இல்லை. எஞ்சினின் பக்கவாட்டில் டைனமோவின் புல்லி மட்டும் வெளிச்சக் கோடு ஒன்றைச் சிதறடித்துக்கொண்டு சுற்றிக்கொண்டிருந்தது.

ஐ.டி.ஐ. சர்டிபிகேட் பையில்தான் இருந்தது. அப்போது அது ஒரு உதவியும் செய்யவில்லை. "அண்ணா" என்று சொல்லிவிட்டேன், எதற்கென்று தெரியாமல். எவ்வளவு நேரம் நின்றேனோ. ஃபேன் பெல்ட் அறுந்து தரையில் கிடப்பதைக் கண் கவனித்த பிறகுதான் படித்தது கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. கட்-அவுட் ஒட்டிக்கொண்டிருந்தால் பேட்டரியின் கரண்ட் திரும்பி டைனமோவுக்குள் போகும். பெல்ட் இல்லாத டைனமோ அந்தக் கரண்டில் மோட்டாரைப்போலச் சுற்றும். அவ்வளவுதான். மீட்டர் முள் மைனஸ் பக்கம் சாய்ந்து கிடந்தது. பேட்டரியின் ஒயரைப் பிடுங்கினேன். ஒரு பொறி தெறித்தது. முனகல் தாழ்ந்து, தாழ்ந்து, நின்றது. நின்ற பிறகு வந்த அமைதி அதைவிட மோசமாக இருந்தது.

கட்-அவுட் மூடியைத் திறந்தேன். நான் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டிய அதே சாமான். இரண்டு முனையும் உருகி ஒன்றாகியிருந்தன. அதைக் கழற்றக் குனிந்தபோது கியர் கம்பிக்கு அடியில் பச்சையாகத் தெரிந்தது. டேப் வெயிலில் இளகி, ஓரம் பிரிந்திருந்தது. அதில் என் விரல் ரேகைகூட இருந்திருக்கும்.

"நின்னு போச்சா?" வாசலில் லில்லி அக்கா நின்றாள். முகம் தெரியவில்லை. பின்னால் வெயில்.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். "அக்கா, வண்டி தானா ஓடல்ல. நான் இந்த ரெண்டு ஒயரையும் நேரே சேத்தேன். அதனாலயாக்கும் அண்ணன்..."

அவள் உள்ளே வந்து என் எதிரில் மண்ணில் உட்கார்ந்தாள்.

"எனக்குத் தெரியும் பிள்ளே. அவரு அண்ணைக்கு சோறு திங்கும்போ சொன்னாரு. அந்தப் பிள்ள நல்ல வேலைக்காரி, இப்போ எந்த கியர்ல கெடந்தாலும் வண்டி ஸ்டார்ட் ஆவுதுன்னு." அவள் பச்சை டேப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கேட்டது அவரு. செய்தது நீ. பக்கத்துல நிண்ணு சிரிச்சது நானாக்கும். அந்தச் சிரிப்ப நான் எங்க கொண்டு களயட்டும்?"

"பின்ன ஏன் அக்கா ஒருத்தர்ட்டயும் சொல்லல்ல? எல்லாரும் பேயின்னு..."

"பேயாட்டே இருக்கட்டும்."

அப்புறம்தான் சொன்னாள். அண்ணன் இறந்த நாற்பத்தோராம் நாள் அவருடைய தம்பி நிலம் அளக்கும் டேப்போடு வந்திருக்கிறான். ஆண்பிள்ளை இல்லாத வீடு, ஒரே மகள் நர்சிங் படிக்க வெளியூரில். ஏலா குடும்பத்துக்குத் திரும்பி வர வேண்டும் என்று சத்தம் போட்டிருக்கிறான். இரண்டாவது தடவை இரண்டு ஆட்களோடு வந்தான். அவள் வண்டியை விற்றுவிடலாம் என்று நினைத்து, பேட்டரியை சார்ஜ் ஏற்றிக் கொண்டுவந்து, ஒயரை மாட்டியிருக்கிறாள். மாட்டிய உடனே சக்கரம் தானாகச் சுற்றியது. அலறிக்கொண்டு வெளியே ஓடினாள். அந்த நேரம் தம்பி மறுபடியும் வந்து முற்றத்தில் நின்றிருந்தான். அவனும் எட்டிப் பார்த்தான். செருப்பை விட்டுவிட்டு ஓடினவன் பிறகு வரவில்லை.

"பேய் உண்டுமுன்னா எவனும் இந்த கேட்டத் தொறக்கமாட்டான் பிள்ளே. நான் மட்டுந்தான் இருக்கேன்னா தொறப்பான்."

அன்றிலிருந்து உச்சை நேரங்களில் அவளே ஒயரை மாட்டிவிடுகிறாள். சாப்பாடு முடிந்ததும் கழற்றிவிடுகிறாள். இப்போது பேட்டரி தளர்ந்துவிட்டது. டவுனுக்குக் கொண்டுபோனால் ஆட்டோக்காரர்கள் எதற்கு என்று கேட்கிறார்கள்.

"அதுக்கு என்னய எதுக்குக் கூப்பிட்டிய?" என்றேன்.

"வேற ஆளு வந்தா வெளிய சொல்லிப் போடுவான். நீ சொல்லமாட்டே." அவள் குரலில் கோபமே இல்லை. "ஒரு வருஷமா சொல்லல்லியே."

அதைக் கேட்டபோதுதான் நிஜமாகப் பயந்தேன். பேயைப் பார்த்தபோது அப்படி இருக்கவில்லை.

"முதல்ல அந்தப் பச்சய அறு. பின்ன பேயப் பாக்கலாம்" என்றாள்.

அறுத்தேன். சுவிட்சைக் கழற்றித் துடைத்து, ஸ்பிரிங்கை நீட்டி, திரும்ப இணைத்தேன். பேயைப் பற்றி அவளைக் கேட்காமலே, இந்த முறை எப்படியோ தேடிப் பிடித்துக் கையோடு கொண்டுவந்திருந்த புதுக் கட்-அவுட்டையும் மாட்டினேன். பேட்டரியைத் தூக்கித் தரையில் வைத்துவிட்டேன். முனைகளில் பூத்திருந்த உப்பை வெந்நீர் விட்டுக் கழுவ வேண்டியிருந்தது. சாயங்காலம் அடுக்களைப் படியில் உட்கார்ந்து இருவரும் பால் விடாத கட்டஞ்சாயா குடித்தோம். அங்கிருந்து ஷெட் தெரியும். கதவு திறந்திருந்தது. பேட்டரி வாசலுக்கு வெளியே, கழுவிய ஈரத்தோடு, சாய்ந்த வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது. மெதுவாக, மத்தியானத்தைவிட ஆழத்திலிருந்து. ம்ம்ம்.

லில்லி அக்கா கிளாஸைக் கீழே வைத்தாள். "கேட்டியா?"

"எதிர்ப்பக்கம் கரண்ட் போயிருக்கும். யாரோ ஜெனரேட்டர் போட்டிருக்காவ" என்றேன்.

அவள் ரோட்டின் அந்தப் பக்கம் பார்த்தாள். நானும் பார்த்தேன். சாயாக்கடையில் பல்பு எரிந்துகொண்டிருந்தது. எங்கள் தலைக்கு மேலும் எரிந்துகொண்டிருந்தது.

"நான் உச்சைக்கு மட்டுந்தான் கரண்ட் குடுக்கது" என்றாள் அவள். "வைகிட்டு கேக்கது நான் இல்ல. அதை நான் இதுவரை ஒருத்தர்ட்டயும் சொல்லல்ல."

சத்தம் நின்றது. நான் எழுந்து போய்ப் பார்த்தேன். போகாவிட்டால் இனி எந்த வேலைக்கும் போக முடியாது என்று தோன்றியதால் போனேன். புல்லி அசையவில்லை. டைனமோவைத் தொட்டேன். சூடாக இருந்தது. தகரக்கூரை, நாள் முழுக்க வெயில். சூடாக இருக்கத்தான் செய்யும். மீதி வேலையைக் கதவை முழுதும் திறந்துபோட்டு, வாயில் வந்த பாட்டையெல்லாம் உரக்கப் பாடிக்கொண்டே முடித்தேன். என் குரல் எப்படி என்று நீங்கள் கேட்டதில்லை. பேய் இருந்திருந்தால் அன்றைக்கே ஊரைவிட்டுப் போயிருக்கும்.

மறுநாள், அண்ணன் வாங்கி ஆணியில் தொங்கவிட்டிருந்த புது ஃபேன் பெல்ட்டை மாட்டி, கடையில் சார்ஜ் ஏற்றிக் கொண்டுவந்த பேட்டரியை வைத்தேன். ஸ்டார்ட் பண்ணுகிறேன் என்றபோது லில்லி அக்கா தடுத்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவளே சீட்டில் ஏறினாள். நியூட்ரலில் இருந்த கம்பியைக் கியரில் தள்ளினாள். பட்டனை அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடியும் அழுத்தினாள். அசைவில்லை. மறுபடியும். மறுபடியும். கட்டைவிரல் வெளுக்கும்வரை அழுத்திக்கொண்டே இருந்தாள்.

"இப்போ ஆவாது, இல்லியா?"

"ஆவாது அக்கா."

"அண்ணைக்கும் ஆவாம இருந்திருக்கும்."

"ஆமா."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கம்பியை நியூட்ரலுக்கு இழுத்து மறுபடி அழுத்தினாள். எஞ்சின் இருமி, பிடித்தது. மீட்டர் முள் பிளஸ் பக்கம் போனது. அந்தச் சத்தத்தில் ரோட்டின் இரண்டு பக்கமும் ஜன்னல்கள் மூடுவதைப் பார்த்தேன்.

"இனி சக்கரம் தானா கறங்காதில்லியா பிள்ளே?"

"கறங்காது. கட்-அவுட் புதுசாக்கும்."

கொஞ்சம் யோசித்தாள். "செரி. பின்ன நானே ஓட்டுகேன்."

ஓட்டினாள். ஒரு மாதத்துக்குள் ஏலாவை அவளே உழுதாள். புருஷனைக் கொன்ற வண்டியின் மேல் வெள்ளைச் சேலையோடு ஒருத்தி நிமிர்ந்து உட்கார்ந்து வருவதைக் கண்டு, ஷெட்டுக்குள் இருந்த பேயைவிட ஊர் அவளுக்கு அதிகம் பயந்தது. தம்பி பிறகு அந்தக் கேட்டைத் திறக்கவே இல்லை. மகள் நர்ஸாகி வெளிநாடு போனாள். சாயங்காலச் சத்தம் இன்னும் கேட்கிறதா என்று நான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை வண்டியைப் பார்க்கப் போவேன். முதலில் குனிந்து அந்தச் சுவிட்சைத் தொட்டுப் பார்ப்பேன். அவள் பார்த்துக்கொண்டு நிற்பாள். அதுதான் எங்கள் பேச்சு.

இப்போது ஏலா இல்லை. மண் போட்டு நிரப்பி வரிசையாக வீடுகள் எழும்பியிருக்கின்றன. ஷெட் நின்ற இடத்தில் யாரோ கார் நிறுத்துகிறார்கள். டிராக்டரை அறுத்து எடை போட்டுக் கொண்டுபோனார்கள். போன மழைக்காலத்தில் லில்லி அக்காவும் போய்விட்டாள். அடக்கத்துக்குப் போயிருந்தேன். தானாக ஓடிய வண்டியைப் பற்றி முற்றத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த வண்டியைப் பார்த்தேயிராத ஒரு வாலிபன், அது எப்படி நடந்தது என்று கையை ஆட்டி விளக்கிக்கொண்டிருந்தான். நான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

நான் செய்ததைத் தெரிந்துகொண்டும், நீ மட்டும் இல்லை பிள்ளே என்று சொல்ல இந்த உலகத்தில் ஒருத்தி இருந்தாள். இப்போது அப்படிச் சொல்ல ஒருவரும் இல்லை.